சிவப்பாக ஒரே ஒரு முறை போனாலும்: சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் பற்றி வார்டில் கேட்கும் கேள்விகள்

யூராலஜி வார்டில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தேன். இப்போது மருந்து ஆய்வுகளில் சேரும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று வராந்தாவில் நிறுத்திக் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் பழைய பதில்கள் பலவற்றை மாற்றிவிட்டன. அதனால் எண்களையும் ஆண்டுகளையும் சேர்த்தே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள், அதுதான் இதன் பயன்.

யூராலஜி டாக்டரும் நெப்ராலஜி டாக்டரும் ஒன்றுதானே?

இல்லை. நெப்ராலஜிஸ்ட் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து மருந்து கொடுப்பவர். டயாலிசிஸ் அவர் பக்கம். யூராலஜிஸ்ட் அறுவை மருத்துவர். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட், விதை, ஆணுறுப்பு ஆகியவற்றில் வரும் கல், அடைப்பு, கட்டி எல்லாம் அவரிடம்தான் போகும்.

அப்பாவுக்கு யூரின் ஒரு நாள் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாளே சரியாகிவிட்டது. இதற்குமா டாக்டரிடம் போக வேண்டும்?

போக வேண்டும், இந்த வாரமே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வலியோடு வரும் ரத்தம் பெரும்பாலும் கல்லாகவோ கிருமியாகவோ இருக்கும். வலியே இல்லாமல், கேட்காமல் வந்து கேட்காமல் போகும் ரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அடையாளம். கட்டி சில நாள் கசியும், பிறகு நின்றுவிடும். நின்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கட்டி அங்கேயேதான் இருக்கும்.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. பங்குனி வெயிலில் ஒரு நாள் காலையில் சிவப்பாகப் போயிற்று. "சூடு பிடிச்சிருக்கு" என்றார். முதல் நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டதையும் சொன்னார். அப்போது நான் வேறொரு அறுவை வார்டில் வேலையில் இருந்தேன். நானே பார்லி காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோது பக்கத்து கிளினிக்கில் கிருமி என்று ஐந்து நாள் மாத்திரை எழுதினார்கள். ரத்தம் நின்றது. மூன்றாம் முறை ஆவணியில். அன்று ராத்திரி கட்டி கட்டியாக உறைந்து யூரின் அடைத்துக்கொண்டு, அடிவயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. எமர்ஜென்சியில் மூன்று வழி டியூப் போட்டு, 50 மில்லி சிரிஞ்சால் உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளி உறிஞ்சி, உள்ளே தள்ளி உறிஞ்சி, கல்லீரல் துண்டு மாதிரி உறைகட்டிகளை பேசினில் எடுத்தார்கள். விடியும்போதுதான் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்கு வந்தது. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் நோய் பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் நான் யூராலஜி வார்டு கேட்டு வாங்கினேன்.

என்ன சோதனை செய்வார்கள்? சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் மெல்லிய கேமராவைச் சிறுநீர் வழியாக விட்டுப் பையின் உட்புறத்தைப் பார்ப்பது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் போதாது. தட்டையாகப் படர்ந்திருப்பது ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதால் ரத்தம் வந்தாலும் "இன்ஃபெக்‌ஷன்தான்" என்று மாத்திரைமேல் மாத்திரை கொடுத்து மாதங்கள் ஓடிவிடும். கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஆனாலும் ரத்தம் வருகிறது என்றால் கேமரா சோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதி புகையால் வருவது. நுரையீரல் வழியாகப் போகும் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, பையில்தான் மணிக்கணக்கில் தங்குகிறது. சாயத் தொழிலில் இருந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். 1895லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், அனிலின் சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு எழுதிவிட்டார்.

ஐம்பத்தைந்து வயதாகிறது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் ஒரு புரதம். புற்றுநோய் இருந்தாலும் கூடும், வயதில் வரும் சாதாரண வீக்கத்துக்கும் கூடும், கிருமி இருந்தாலும் டியூப் போட்டிருந்தாலும் கூடும்.

இதைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று ஐரோப்பாவில் எட்டு நாடுகளில், 55 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 1,62,000 ஆண்களிடம் நடந்தது. 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவு 2025 அக்டோபரில் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 13 சதவீதம் குறைவு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதையே வேறு விதமாகச் சொல்கிறேன்: ஒரு குழுவில் 1.6 சதவீதம் பேர் இறந்தார்கள், இன்னொன்றில் 1.4 சதவீதம். 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது. நோய் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படும் 12 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. மற்றவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுதும் தொந்தரவே தந்திருக்காத நோயைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அங்கே அவர்கள் கவலைப்படுவது தேவையில்லாமல் கண்டுபிடிப்பதைப் பற்றி. எங்கள் வார்டில் நான் பார்ப்பது நேர் எதிர். இடுப்பு வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துவிட்டு, முதுகெலும்பில் பரவிய பிறகு, கால் மரத்துப்போய் வருகிறார்கள். முதல் பி.எஸ்.ஏ.யே நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் ஐரோப்பியக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு "பி.எஸ்.ஏ. தேவையில்லை" என்று நம் ஊரில் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதேபோல, மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எண்பது வயதுத் தாத்தாவுக்கு அதை எடுத்து வீட்டையே பயமுறுத்துவதும் சரியில்லை. அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது இருந்தால், அல்லது குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் 45 வயதிலேயே டாக்டரிடம் பேசுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ஆறு மாதம் ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அது உண்மையில் 6. மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

பி.எஸ்.ஏ. 7 வந்திருக்கிறது. உடனே பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள்.

அவசரம் இல்லை. இரண்டு மூன்று வாரம் விட்டு ஒரு முறை திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதிகம் என்றால் முதலில் எம்.ஆர்.ஐ., அதைப் பார்த்துத்தான் பயாப்சி. பத்து ஆண்டுக்குள் இந்தத் துறையில் நோயாளிக்கு நேரடியாக நன்மை செய்த மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் ஆசனவாய் வழியாக ஊசி விட்டு, குருட்டாம்போக்கில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் துணுக்கு எடுப்பார்கள். 2017ல் பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த ஆய்வு, எம்.ஆர்.ஐ. முதலில் எடுத்தால் நான்கில் ஒருவருக்குப் பயாப்சியே தேவைப்படாது என்று காட்டியது. அடுத்த ஆண்டு 500 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்பட்ட இடத்தைக் குறிவைத்து எடுத்தபோது கவனிக்க வேண்டிய புற்றுநோய் 38 சதவீதம் பேரிடம் சிக்கியது. பழைய முறையில் 26 சதவீதம்தான். 2025ல் வந்த ஆய்வு இன்னும் நல்ல செய்தி சொல்கிறது. கையில் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ.யும் முழு எம்.ஆர்.ஐ.க்குச் சமமாகவே கண்டுபிடிக்கிறது, படம் தெளிவாக இருந்தால். நேரமும் பாதி, செலவும் குறைவு. ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் வரிசையில் நிற்கும் நமக்கு இது பெரிய விஷயம்.

ஊசி போடும் வழியும் மாறுகிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாக எடுக்கும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. மலக்குடல் வழியாக ஊசி போகாததால் காய்ச்சலும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் குறைவு.

கேன்சர் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் "இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார் டாக்டர். எப்படி நம்புவது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மகன்களோ மகள்களோதான் கேட்பார்கள். "எங்கப்பாவைக் கைவிட்டுட்டாங்களா சிஸ்டர்?" என்று ஒரு பெண் கண் கலங்கிக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. கைவிடவில்லை. புராஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கும், தீவிரம் குறைந்த நோய்க்கு இதுதான் முறையான சிகிச்சை.

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது குழுவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். 15 ஆண்டு கழித்து 2023ல் முடிவைச் சொன்னார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் நூற்றுக்கு 97 பேர் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கவில்லை. கண்காணிப்புக் குழுவில் நோய் வேறு இடத்துக்குப் பரவியவர்கள் 9.4 சதவீதம், ஆபரேஷன் குழுவில் 4.7. அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் நான்கில் ஒருவர் 15 ஆண்டு கழித்தும் ஆபரேஷன், கதிர்வீச்சு, ஹார்மோன் எதுவும் இல்லாமலேயே உயிரோடு இருந்தார். சிகிச்சையால் வரும் யூரின் கசிவும் இல்லை, தாம்பத்தியக் குறையும் இல்லை.

கண்காணிப்பு என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பது அல்ல. குறித்த தேதியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் திரும்பப் பயாப்சி. "நல்லாத்தானே இருக்கேன்" என்று வராமல் விட்டுவிடுபவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. வர முடியுமா முடியாதா என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊர் தூரம், கூட வர ஆள் இல்லை என்பதெல்லாம் சொல்லத் தக்க காரணங்கள்தான்.

எலும்பில் பரவிவிட்டது என்கிறார்கள். இனி எவ்வளவு நாள்?

நாள் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் சொன்ன பதிலை இன்று யாரும் சொல்வதில்லை.

1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று காட்டினார். 1966ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அடித்தளம் அதுதான்: விதைகளை நீக்கும் சிறிய ஆபரேஷன், அல்லது மாதம்தோறுமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஊசி. இரண்டும் ஒரே பலன்தான் தரும். ஊசிச் செலவு தாங்காத குடும்பத்துக்கு ஆபரேஷன் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. மனைவியும் கணவரும் தனியாகப் பேசி முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று மட்டும் கூட வரும் சொந்தக்காரர்களைக் கேட்டுக்கொள்வேன்.

மாறியது இதுதான். அந்த அடித்தளத்தோடு இரண்டாவது மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்தால் ஆயுள் தெளிவாகக் கூடுகிறது. 1,199 பேர் சேர்ந்த ஓர் ஆய்வில் அபிரட்டரோன் என்ற மாத்திரையைச் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 53 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். சேர்க்காதவர்களில் அது 36 மாதம்.

அபிரட்டரோன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை, மொத்தம் 1,000 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். 2018ல் 72 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு, கொழுப்பு குறைந்த காலை உணவோடு ஒரே மாத்திரை, 250 மில்லிகிராம், எடுத்தாலும் பி.எஸ்.ஏ. அதே அளவு இறங்குகிறது என்று காட்டியது. நான்கு மாத்திரைக்குப் பதில் ஒன்று! நம் நாட்டில் பல புற்றுநோய் மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள். ஆனால் தயவுசெய்து நீங்களாகச் செய்யாதீர்கள். நான்கு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் எகிறி வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் அடங்காத நோய்க்கு லுட்டீசியம் ஊசி வந்திருக்கிறது. புராஸ்டேட் புற்றணுக்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலேயே நின்று கதிர்வீச்சைக் கொடுக்கும் மருந்து. 831 பேரிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளியானது, வாழ்நாள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாகக் கூடியது. லுட்டீசியத்தை நம் நாட்டிலேயே மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிக்கிறது.

சிறுநீர்ப்பைக்குள் காசநோய்த் தடுப்பூசியை விடுகிறார்களாம். உண்மையா?

உண்மை. கைக்குழந்தைக்குத் தோளில் போடும் அதே பி.சி.ஜி.தான், அளவு மட்டும் பல மடங்கு. சென்னை கிண்டியில் 1948லிருந்து பி.சி.ஜி. தடுப்பூசிக்கென்றே தனி ஆய்வகம் இருப்பது பலருக்குத் தெரியும். அதே உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி புற்றுநோய்க்கும் உதவும் என்று 1976ல் கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற யூராலஜிஸ்ட் எழுதினார். பையின் உள் தோலில் கிருமி ஒட்டியதும் உடம்பின் காவல் அணுக்கள் அங்கே ஓடிவருகின்றன, வந்த இடத்தில் புற்றணுக்களையும் சேர்த்து அழிக்கின்றன. இன்று புதிதாகப் பேசப்படும் இம்யூனோதெரபிக்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) மூத்த அக்கா இந்த பி.சி.ஜி.

கேமரா வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்துச் சில வாரம் கழித்து ஆரம்பிப்போம். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். பொடியை 50 மில்லி உப்புத் தண்ணீரில் கலக்கி, மெல்லிய டியூப் வழியாக விட்டு, டியூபை எடுத்துவிடுவோம். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் அன்று காலையில் காபி, தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஆண்களும் உட்கார்ந்தே யூரின் போக வேண்டும். போனபின் கழிவறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். எரிச்சல், லேசான காய்ச்சல் ஒரு நாள் இருக்கும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் இரண்டாம் நாளும் நீடித்தால் போன் செய்யாமல் நேரே வந்துவிடுங்கள். பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தூக்கலாம்.

ஆறு வாரத்தோடு முடியவில்லை. தீவிரமான வகை என்றால் இடைவெளி விட்டு மூன்று வருடம் வரை தொடரும். நடுவில் நிறுத்துபவர்களுக்குத்தான் நோய் திரும்புவதை அதிகம் பார்க்கிறேன். மருந்துத் தட்டுப்பாடும் ஒரு காரணம். பி.சி.ஜி. வளர மெதுவாக வளரும்; உலகில் தயாரிப்பவர்களும் சிலரே. ஒரு நிறுவனம் நிறுத்தினால் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்துவிடுகிறது. இத்தனை உயிர் காக்கும், இவ்வளவு மலிவான மருந்துக்கு இந்த நிலைமை வரக் கூடாது என்பது என் ஆதங்கம்.

பி.சி.ஜி.யும் கேட்கவில்லை. பையையே எடுக்க வேண்டுமா? வேறு வழியே இல்லையா?

பயாப்சி ரிப்போர்ட்டில் முதலில் ஒரு வரியைத் தேடுங்கள்: நோய் தசைக்குள் இறங்கியிருக்கிறதா? துணுக்கில் தசையே இல்லை என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் திரும்பச் சுரண்டி எடுத்துப் பார்ப்பார்கள். அது டாக்டரின் தவறு என்று சண்டை போட வேண்டாம். இரண்டாம் முறை பார்ப்பது வழக்கமான நடைமுறைதான்.

தசைக்குள் இறங்கவில்லை, பி.சி.ஜி.யும் பலிக்கவில்லை என்ற நிலையில் பல ஆண்டுகளாக ஆபரேஷன் ஒன்றுதான் உறுதியான வழியாக இருந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, பைக்குள் வைத்தால் மூன்று வாரம் சிறிது சிறிதாக ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தைக் கசியவிடும் ஒரு சிறு சாதனத்தை அனுமதித்தது. முறுக்கு மாதிரி வளைந்து பைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆய்வில் 82 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் தாண்டியும் திரும்பவில்லை.

தசைக்குள் இறங்கிவிட்டால் பையை எடுப்பதுதான் வழக்கம். தேர்ந்தெடுத்த சிலருக்கு, நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கீமோவும் கதிர்வீச்சும் (நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது) சேர்த்துப் பையைக் காப்பாற்ற முடியும். எனக்கு அது முடியுமா என்று கேட்க ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தரும் மருந்தில்தான் இப்போது வேகமான மாற்றம். 2024ல் 1,063 பேரிடம் நடந்த ஆய்வு, கீமோவோடு டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தால் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் 75லிருந்து 82 சதவீதமாகக் கூடுவதைக் காட்டியது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பதாலோ வேறு காரணத்தாலோ சிஸ்பிளாட்டின் கீமோ தாங்காதவர்களுக்கு முன்பு நேரே ஆபரேஷன்தான். 2025 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில் அவர்களுக்கான முடிவு வந்தது. என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் இரண்டு வருடத்துக்குப் பிறகு 79.7 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 63.1. இதே ஜோடி மருந்து 2023ல் பரவிய நோய்க்கு, வாழ்நாளை 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக்கியதை மாட்ரிட் மாநாட்டில் லண்டன் புற்றுநோய் மருத்துவர் தாமஸ் பவுல்ஸ் அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த வீடியோவைப் பார்த்து நான் அழுதேன். அப்பா காலத்தில் இந்த நோய்க்கு நாங்கள் கேட்ட எண்கள் வேறு.

விலை நம் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் பெர்லினில் வந்த இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பையை எடுத்த பிறகு, ரத்தத்தில் புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. துணுக்கு மிதக்கிறதா என்று ஒரு வருடம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தொடர்ந்து இல்லை என்று வந்த 357 பேருக்கு மருந்தே கொடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் 88 சதவீதம் பேர் நோயில்லாமல் இருந்தார்கள். இருக்கிறது என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தபோது வாழ்நாள் 21 மாதத்திலிருந்து 33 மாதமானது. லட்சக்கணக்கில் செலவாகும் மருந்து யாருக்குத் தேவையில்லை என்று சொல்லும் சோதனை. இங்கே அது சாதாரணமாகக் கிடைக்கும் நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.

வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்ததில் கிட்னியில் 2.5 செ.மீ. கட்டி என்கிறார்கள்.

இப்படித் தற்செயலாகத் தெரிவது இன்று மிகச் சாதாரணம். 4 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளில் ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. கிட்னியை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருப்பதும் நல்ல வழி.

பெரிய கட்டியை எடுத்த பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் ஒரு வருடம் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2024ல் உறுதியானது. பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரையின் கதை அழகானது. உடம்பின் அணுக்கள் ஆக்ஸிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2019ல் கெலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் பரிசு தந்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலானவற்றில் அந்த உணர்வுப் பொறி பழுதாகி, மூச்சு முட்டுகிறது என்று பொய்யாகக் கூவி ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கூச்சலை அடைக்கும் மாத்திரை இது. 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மகனுக்கு 24 வயது. ஒரு பக்க விதை கல் மாதிரி இருக்கிறது என்று இப்போதுதான் சொன்னான்.

நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். திட்டாதீர்கள், வெட்கத்தில் சொல்லாமல் இருந்திருப்பான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். விதைப்பையில் ஊசி குத்தியோ கீறியோ பார்க்க யாரையும் விடாதீர்கள். ஆபரேஷன் தொடை இடுக்கு வழியாகத்தான் செய்ய வேண்டும். நுரையீரலுக்குப் பரவிய பிறகும் குணமாகும் புற்றுநோய் இது. 1970களில் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டினைச் சேர்த்துக் கொடுத்ததிலிருந்து அப்படித்தான். கீமோவுக்கு முன் விந்துவைச் சேமித்து வைக்கக் கேளுங்கள். அவன் கேட்க மாட்டான், நீங்கள் கேளுங்கள்.

ரோபோ ஆபரேஷனுக்குப் பல மடங்கு செலவாகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள். ரோபோ நல்ல கருவி. புராஸ்டேட்டுக்கு அதை வழக்கமாக்கிய மணி மேனன் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். டெட்ராய்ட்டில் இருந்து அதைச் செய்தார். ரத்த இழப்பு குறையும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பிரிஸ்பேனில் 326 பேரிடம் ஒப்பிட்டபோது, யூரின் அடக்கமும் தாம்பத்திய ஆற்றலும் திறந்து செய்த ஆபரேஷனுக்கும் ரோபோவுக்கும் இரண்டு வருடத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன. பையை எடுக்கும் ஆபரேஷனில், 90 நாளில் வீட்டில் கழித்த நாட்கள் ரோபோவில் 82, திறந்து செய்ததில் 80. இரண்டு நாள் வித்தியாசம். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று டாக்டரைக் கேளுங்கள். எனக்கு அந்த எண்தான் முக்கியம்.

பெண் யூராலஜிஸ்ட் கிடைப்பார்களா?

குறைவு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று என்று படித்து முடிக்கவே முப்பதைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலேயே பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான் பெண்கள்; இங்கே அதைவிடக் குறைவு. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் ரத்தத்தை மறைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். பரிசோதனையின்போது பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். நானும் அதற்குத்தான் இருக்கிறேன்.

மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எங்களை வைத்துச் சோதிக்கிறார்களா?

மேலே நான் சொன்ன ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் "சரி, சேர்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டதால் வந்தது. பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள். நம் உடம்புக்கும், நாம் நோய் முற்றி வரும் நிலைக்கும், நம் வருமானத்துக்கும் எது பொருந்தும் என்று சொல்ல நம்மவர்களிடம் ஆய்வு நடக்க வேண்டும்.

ஆனாலும் கேள்வி கேட்காமல் சேராதீர்கள். படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிவு எண் தருவார்கள். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர 2019 விதிகளில் இடம் இருக்கிறது. எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்காது. போன மாதம் ஒரு பெரியவர் மூன்று நாள் யோசித்து, மருமகளை வைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டு, "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். சரிங்க ஐயா என்று படிவத்தை வாங்கி வைத்தேன். மறுவாரம் அவருடைய வழக்கமான ஊசியை நான்தான் போட்டேன்.

முதல் முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும்; சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். பி.எஸ்.ஏ. பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். எல்லா மாத்திரையும், சர்க்கரை, பிரஷர், ரத்தம் நீர்க்கும் மாத்திரை உட்பட. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு.

அப்புறம் பயாப்சி எடுத்த இடத்தில் கண்ணாடித் தகடுகளோடு மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். விரல் நுனி அளவு இருக்கும், சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் எண் எழுதியிருக்கும். எடுத்த சதை அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் திரும்பப் பயாப்சி செய்ய நேரலாம். காகிதத்தில் சுற்றி, உங்கள் பெயரும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, வெயில் படாமல் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்தால் உருகிவிடக்கூடும்.